ஆட்குறைப்புக்குப் பின் எட்டுக் கடன்கள்: எதை முதலில் கட்டுவது?

பிறைக்காரன் (திங்கள், இரவு 10.40)

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பராமரிப்புத் தொழில்நுட்பராக இருந்தேன். சென்ற ஆண்டு எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். கிடைத்த இழப்பீடு, வேலையில்லாத மாதங்களின் வாடகையிலும் அம்மாவின் கண் அறுவை சிகிச்சையிலும் கரைந்துவிட்டது. இப்போது பிறையில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சம்பளம் கைக்கு 2,700 ரிங்கிட். மனைவி ரவிக்கை தைத்துச் சராசரியாக 650 கொண்டுவருகிறாள். பட்டர்வொர்த்தில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், அம்மா எங்களோடு.

வாடகை, சாப்பாடு, மின்சாரம், தொலைபேசி, பள்ளி வேன், பெட்ரோல், அம்மாவின் மருந்து எல்லாம் சேர்த்து 2,480 ஆகிறது. மீதி 870. கடன்கள் இவை:

முதல் கடன் அட்டை: 11,400 (குறைந்தபட்சத் தொகை 570)
இரண்டாம் அட்டை: 6,800 (340)
வங்கித் தனிநபர் கடன்: 17,500 (மாதம் 520)
கார்: மாதம் 610
உரிமம் பெற்ற வட்டிக்கடை: மாதம் 380, இன்னும் 8 தவணை
கூட்டு (சீட்டு): மாதம் 300, இன்னும் 10 மாதம் (என் முறையை முன்பே எடுத்துவிட்டேன்)
அடகு: 6,000, வட்டி மாதம் 120
மச்சானிடம் வாங்கியது: 8,000, வட்டி இல்லை, தவணையும் இல்லை

மாதம் 2,840 கட்ட வேண்டிய இடத்தில் 870 வைத்திருக்கிறேன். இரண்டாம் அட்டையில் ரொக்கம் எடுத்து முதல் அட்டைக்குக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 40,000 ரிங்கிட் தனிநபர் கடன், 8 விழுக்காடு, பத்தாண்டு, மாதம் 600 மட்டும் என்று ஒரு முகவர் சொல்கிறார். எல்லாவற்றையும் அடைத்து ஒரே கடனாக்கிவிடலாமாம். செய்யலாமா?

ஜெலுத்தோங் மாமா (திங்கள், இரவு 11.05)

காரை விற்றுவிடு தம்பி. மற்றதைப் பிறகு பேசலாம்.

கணக்குப்பிள்ளை (செவ்வாய், காலை 6.20)

மாமா சொன்னதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த முகவரின் 8 விழுக்காடு. அது நிலையான வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. முதல் நாளில் வாங்கிய 40,000-க்கே பத்தாண்டும் வட்டி. ஆண்டுக்கு 3,200, பத்தாண்டுக்கு 32,000. கட்டி முடிக்கும்போது 72,000. குறையும் இருப்பில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 13 விழுக்காடு. கடன் அட்டையின் 18-ஐவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டையும் அடகையும் காரையும் மச்சானையும் அது தொடாது. 870-ல் 600 போனால் 270. அதில் காருக்கே 610 கேட்கிறார்கள். மூன்றாம் மாதம் அட்டையைத் திரும்ப எடுப்பீர்கள், அப்போது பழைய கடனும் இருக்கும், புதியதும் இருக்கும்.

தவணை தவறியவருக்கு 40,000 வாங்கித் தருகிறேன் என்று வங்கிக்கு வெளியே ஒருவர் சொன்னால், முன்பணம் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டால் அவருக்கு வேண்டியது அந்த முன்பணம் மட்டுமே.

அட்டையில் ரொக்கம் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். 300 எடுத்தால் 15 ரிங்கிட் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. பொருள் வாங்கினால் கிடைக்கும் சலுகை நாள்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. இரண்டு அட்டையும் 18 விழுக்காட்டில் இருந்தால் மாதம் 273 ரிங்கிட் வட்டிக்கே போகிறது.

உதவும் கரம் 88 (செவ்வாய், காலை 9.12)

[நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர் (செவ்வாய், காலை 9.30)

"500 ரிங்கிட்டுக்குச் சிசிரிஸ் பதிவைச் சுத்தம் செய்து தருகிறோம், ஏகேபிகே விண்ணப்பத்தையும் பார்த்துக்கொள்கிறோம்" என்ற விளம்பரம் நீக்கப்பட்டது. சிசிரிஸ் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் பதிவு. கடைசி 12 மாதத் தவணை நிலவரம் அதில் தெரியும். பணம் வாங்கிக்கொண்டு அதை அழித்துத் தர வெளியாள் எவராலும் முடியாது. உங்கள் அறிக்கையை நீங்களே இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேயின் ஆலோசனையும் இலவசம்.

செந்தூல் செல்வி (செவ்வாய், மதியம் 1.15)

பிறைக்காரன் தம்பி, நான் ஏகேபிகே வழியாகக் கட்டி முடித்தவள். அதனால் சொல்கிறேன். 2006-ல் பேங்க் நெகாரா தொடங்கிய அமைப்பு இது. உங்கள் இரண்டு அட்டை, தனிநபர் கடன் மூன்றையும் அவர்களிடம் கொண்டுபோங்கள். வருமானம், வீட்டுச் செலவு, கடன் மூன்றையும் வைத்து ஒரு திட்டம் போட்டு வங்கிகளிடம் அவர்களே பேசுவார்கள். வங்கி ஒத்துக்கொண்டால் மாதம் ஒரே தொகை, வட்டியும் குறையும், காலமும் நீளும்.

நல்லதை மட்டும் சொல்லி அனுப்பக்கூடாது. அட்டைகள் போய்விடும். திட்டம் முடியும்வரை புதிய கடன் கிடைக்காது. திட்டத்தில் இருப்பது சிசிரிஸில் தெரியும். இடையில் தவணையை விட்டால் திட்டம் கலைந்து பழைய வட்டிக்குத் திரும்பலாம். செலவுக் கணக்கைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பெரும்பாலானவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். தீபாவளி, பள்ளித் தொடக்கம், மோட்டார் சைக்கிள் டயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். வெட்கப்பட்டுச் சாப்பாட்டுக்கு 600 என்று எழுதினால் அந்த 600-ல் நீங்கள்தான் வாழ வேண்டும்.

அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, எல்லாக் கடன் அறிக்கைகள், வீட்டு ரசீதுகள் இவற்றைத் தயாராக வையுங்கள். மச்சான் கடன், கூட்டு இரண்டும் அவர்கள் பேசித் தீர்க்கும் கடன்கள் அல்ல. ஆனால் கூட்டுக்கு மாதம் 300 போகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை (செவ்வாய், மாலை 6.45)

செல்வி அம்மா சொன்னதற்கு ஒரு கணக்கு. அட்டை இரண்டும் தனிநபர் கடனும் சேர்ந்து 35,700. இப்போது இவற்றுக்கு மாதம் 1,430 கேட்கிறார்கள். எடுத்துக்காட்டுக்கு, ஏழாண்டு, குறையும் இருப்பில் 6 விழுக்காடு என்று வைத்தால் மாதம் 521. வட்டியும் காலமும் அவர்கள் முடிவு. நான் போட்டது அளவு தெரிய மட்டும்.

இனி கார். இரண்டு மாதத் தவணை தொடர்ந்து நின்றால் வங்கி நோட்டீஸ் கொடுத்துக் காரை எடுத்துப் போகலாம். வாடகைக் கொள்முதல் சட்டப்படி, 75 விழுக்காடு கட்டியிருந்தால்தான் நீதிமன்ற உத்தரவு தேவை. நீங்கள் அவ்வளவு கட்டியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எடுத்துப்போன கார் ஏலத்தில் மலிவாகப் போகும். ஏல விலைக்கும் கடனுக்கும் இடையில் விழும் துண்டு உங்கள் தலையில்தான். கார் போன பிறகும் கார்க் கடன் இருக்கும். ஆகவே மாமா ஒரு வரியில் சொன்னது சரி. நீங்களே விற்றால் விலை உங்கள் கையில் இருக்கும்.

பிறைக்காரன் (செவ்வாய், இரவு 9.50)

காரை விற்றால் அம்மாவை செபராங் ஜெயா மருத்துவமனைக்கு எப்படி அழைத்துப்போவது என்பதுதான் கவலை. சந்தை விலை 24,000 சொல்கிறார்கள். முழுத் தொகையைக் கட்டி முடிக்க 21,500 என்று வங்கி எழுதிக் கொடுத்திருக்கிறது. வேலைக்கு நான் மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வட்டிக்கடையில் 4,000-க்குக் கையெழுத்து வாங்கினார்கள். கைக்கு வந்தது 3,600. "செயல்முறைக் கட்டணம்" என்று 400 பிடித்துக்கொண்டார்கள். 12 தவணையில் 4 கட்டிவிட்டேன்.

ஜெலுத்தோங் மாமா (செவ்வாய், இரவு 10.10)

மருத்துவமனைக்குக் கிராப் வாடகைக் காரில் போ. மாதம் இரண்டு தடவை போனாலும் 610 ஆகாது. சாலை வரி, காப்புறுதி, டயர் வேறு. பினாங்குப் பாலத்தில்கூட 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. கார் எதற்கு? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகவா? பஸ் இருக்கிறது.

நள்ளிரவு ஷிப்ட் (புதன், அதிகாலை 3.30)

மாமா, தைப்பூசத்தன்று உங்கள் காரை எங்கே நிறுத்தினீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை (புதன், காலை 6.15)

வட்டிக்கடை விவகாரத்தைச் சாதாரணமாக விடக்கூடாது. 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; ஈடு இருந்தால் 12. கையில் கொடுத்தது 3,600 என்றால் ஓராண்டுக்கு அதிகபட்ச வட்டி 648. மொத்தம் 4,248. அவர்கள் வாங்கப்போவது 12 x 380 = 4,560. காகிதத்தில் சட்டத்துக்குள், கையில் சட்டத்துக்கு வெளியே. 1,520 கட்டிவிட்டீர்கள். நியாயமாக மிச்சம் 2,728. அவர்கள் கணக்கில் 3,040.

ஒப்பந்தத்தின் நகல், வங்கிக் கணக்கில் 3,600 வரவான பக்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஒரே தடவையில் 2,728 கட்டி முடிக்கிறேன் என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் உரிமம் தருகிற வீடமைப்பு, ஊராட்சி அமைச்சுக்கு எழுதுவேன் என்று அமைதியாகச் சொல்லுங்கள். உரிமத்தை இழக்க எந்தக் கடையும் விரும்பாது. சத்தம் போட வேண்டாம்.

காரை விற்றால் கைக்கு 2,500 வரும். இன்னும் 228 தான் வேண்டும்.

நள்ளிரவு ஷிப்ட் (புதன், காலை 7.05)

இவ்வளவு கணக்குக்கு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து அட்டையை அடித்து நொறுக்கலாமே? 2024 மே முதல் நெகிழ்வுக் கணக்கு இருக்கிறது. 50 ரிங்கிட்டிலிருந்து எடுக்கலாம். 2024-ல் ஈவு 6.3 விழுக்காடு, அட்டை வட்டி 18. யோசிக்கவே தேவையில்லை.

கணக்குப்பிள்ளை (புதன், மதியம் 12.50)

2024-க்கான ஈவு 6.3 என்பது சரி. ஏகேபிகே கிடைக்காவிட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அட்டை வட்டியே குறைந்து 6-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறதே. இன்னொன்று, சேமநிதியில் இருக்கும் பணத்தைக் கடன்காரர்கள் தொட முடியாது. வெளியே எடுத்துவிட்டால் அது சாதாரணப் பணம். நெகிழ்வுக் கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ அதை அவசரத்துக்கு வையுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அட்டை இருக்காது, அதை நினைவில் வையுங்கள்.

செந்தூல் செல்வி (புதன், இரவு 8.40)

ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மச்சான் என்றால் தங்கையின் கணவரா?

பிறைக்காரன் (புதன், இரவு 9.15)

ஆமாம் அக்கா. ஈப்போவில் இருக்கிறார்கள். அவர் கேட்பதே இல்லை. அதனால் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

செந்தூல் செல்வி (புதன், இரவு 9.55)

அவர் கேட்கவில்லை. உங்கள் தங்கையிடம் கேட்கவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?

வட்டி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது தம்பி, அதை உங்கள் தங்கை கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் ஒரு புடவை வாங்கினாலும், பிறந்த வீட்டுக்கு வர வேண்டும் என்றாலும் அந்த 8,000 நடுவில் வந்து உட்காரும். என் அண்ணன் எங்கள் வீட்டுக்காரரிடம் வாங்கியதும் இப்படித்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. வங்கிக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், ஏகேபிகேயிடம் காகிதத்தோடு போகிறீர்கள். மச்சானுக்கு மட்டும் வாய்மூடி இருப்பது மரியாதை ஆகாது.

மாதம் 50 ரிங்கிட் போடுங்கள். சம்பள நாளிலேயே. கூட்டு முடிந்ததும் அந்த 300-ம் அங்கே போகட்டும். இதை எழுதி அவருக்கே அனுப்புங்கள், தங்கை வழியாகச் சொல்ல வேண்டாம்.

ஜெலுத்தோங் மாமா (புதன், இரவு 10.30)

50 ரிங்கிட் அனுப்பினால் அவமானப்படுத்துவது போல இருக்காதா? எங்கள் காலத்தில் மொத்தமாகத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், வெற்றிலை பாக்கோடு.

செந்தூல் செல்வி (புதன், இரவு 10.45)

மொத்தமாகச் சேரும்வரை எத்தனை தீபாவளி போகும் மாமா?

கணக்குப்பிள்ளை (வியாழன், காலை 6.30)

நான் அந்தக் கடனைக் கடைசியில்தான் வைத்திருந்தேன். செல்வி அம்மா சொன்ன பிறகு 50-ஐ முதலிலேயே ஒதுக்கிவிட்டேன்.

கூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கூட்டுத் தொழில் நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அதனால் உங்கள் பின்னால் வரிசையில் நிற்பவருக்கு நீதிமன்றம் போக வழியில்லை. எவரால் உங்கள் மேல் வழக்குப் போட முடியாதோ அவர்தான் அதிகம் இழப்பார். அவர் மகளின் கல்யாணச் செலவுக்கு அந்த மாதத்தை நம்பியிருக்கலாம். 300-ஐக் குறைக்காமல் கட்டுங்கள். வங்கி காத்திருந்தால் அதற்குப் பசிக்காது.

அடகு நகை: தாலிக்கொடி அதில் இருக்கிறதா?

பிறைக்காரன் (வியாழன், இரவு 9.20)

இல்லை. நான்கு வளையல்களும் ஒரு ஆரமும். லிட்டில் இந்தியாவில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் வட்டி கட்டிப் புதுப்பிக்கிறேன்.

செந்தூல் செல்வி (வியாழன், இரவு 9.45)

நகை உங்கள் மனைவியுடையது. அவளிடம் கேட்ட பிறகு எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை (வெள்ளி, காலை 6.10)

கேட்டுவிட்டு வாருங்கள். கேட்பதற்கு முன் தெரிய வேண்டியது: அடகுக் கடை மாதம் 2 விழுக்காடுவரை வாங்கலாம், ஆண்டுக்கு 24. அட்டை வட்டியைவிட அது அதிகம், சிறியதாக இருப்பதால் கண்ணில் படவில்லை. நீங்கள் அடகு வைத்தபோது இருந்த விலையைவிடத் தங்கம் வெகுவாக ஏறியிருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் விற்க வேண்டியிருக்காது. எடை போட்டு இன்றைய விலையைக் கேட்டால், எத்தனை வளையலை விற்று மற்றதை மீட்கலாம் என்று தெரியும். அடகுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். கெடு தாண்டினால் ஏலத்துக்குப் போய்விடும்.

நள்ளிரவு ஷிப்ட் (வெள்ளி, அதிகாலை நேரம் இல்லை, இன்று விடுமுறை)

பிறைக்காரன் அண்ணா, வேலை போனபோது சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை தேடும் அலவன்ஸ் வாங்கினீர்களா? 60 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டிருக்கும்போதே புது வேலை கிடைத்திருந்தால் மிச்சமிருந்த அலவன்ஸில் 25 விழுக்காடு தருவார்கள். அதை வாங்கினீர்களா என்று பாருங்கள். என் அத்தை மகன் மறந்தே போய்விட்டான்.

பிறைக்காரன் (ஞாயிறு, மாலை 5.30)

நடந்ததைச் சொல்கிறேன். கார் ஒரு உறவினர் வழியாக 24,000-க்குப் பேசியாகிவிட்டது. புஸ்பகோம் வாகனச் சோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறேன். வட்டிக்கடைக்காரர் முதலில் சிரித்தார். வங்கிப் பக்கத்தைக் காட்டியதும் 2,800-க்கு முடித்துத் தருகிறேன் என்றார். 2,728 என்று நான் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

வளையல் இரண்டை விற்கலாம், ஆரத்தை விற்கக்கூடாது என்று மனைவி சொன்னாள். அது அவளுடைய பாட்டியின் ஆரம் என்று இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. இரண்டு வளையல் போதும் என்று கடையில் சொல்கிறார்கள்.

மச்சானுக்கு எழுதினேன். "50 வேண்டாம், 100 போடு" என்று பதில் வந்தது. கோபமா கிண்டலா தெரியவில்லை. தங்கை தொலைபேசியில் வெகுநேரம் பேசினாள், கடனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அலவன்ஸ் பற்றி நாளை சொக்சோவில் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, இரவு 7.20)

100 போடுங்கள், முடியும். மீதி 870. கார்ப் பெட்ரோல் போனதால் கிராப் செலவு கழித்தும் 120 கூடும், ஆக 990. ஏகேபிகே 521 என்றே வைப்போம், கூட்டு 300, மச்சான் 100. மொத்தம் 921. அடகு வட்டி போய்விட்டது, வட்டிக்கடை போய்விட்டது. 69 மிஞ்சும். நெருக்கம்தான். மனைவியின் தையல் வருமானம் குறையும் மாதத்தில் மச்சானுக்கு முன்பே சொல்லிவிட்டு 50 ஆக்குங்கள்.

ஏகேபிகே முடிவு வரும்வரை அட்டைகளுக்கு முடிந்ததைக் கட்டுங்கள், தொலைபேசி வந்தால் எடுத்துப் பேசுங்கள். வசூல்காரர் "திவாலாக்கிவிடுவோம்" என்று மிரட்டினால், அதற்கு ஒரு லட்சம் ரிங்கிட் கடன் வேண்டும். உங்களுடையது அதில் பாதிகூட இல்லை. வழக்குப் போட முடியும், அது வேறு. நீதிமன்றக் கடிதம் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

செந்தூல் செல்வி (ஞாயிறு, இரவு 8.05)

கடைசியாக ஒன்று தம்பி. உங்கள் சம்பளம் எந்த வங்கியில் விழுகிறது? அட்டை கொடுத்த வங்கியிலேயேவா?

பிறைக்காரன் (ஞாயிறு, இரவு 8.30)

ஆமாம். முதல் அட்டையும் சம்பளக் கணக்கும் ஒரே வங்கி. ஏன் அக்கா?

செந்தூல் செல்வி (ஞாயிறு, இரவு 8.40)

நிலுவை விழுந்தால் அதே வங்கியில் இருக்கும் உங்கள் பணத்திலிருந்து அவர்களே கழித்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது. முன்னறிவிப்பு வரும், அதைப் படிக்காமல் போட்டுவிடுவோம். சம்பளம் வந்த அன்று கணக்கில் வாடகைக்குப் பணம் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கடன் இல்லாத வேறு வங்கியில் கணக்கு திறந்து, சம்பளத்தை அங்கே மாற்றச் சொல்லுங்கள். அதை ஏகேபிகேயிடமும் சொல்லிவிடுங்கள், ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை.

பிறைக்காரன் (ஞாயிறு, இரவு 8.55)

சம்பளம் 28-ஆம் தேதி. அதற்குள் மாற்ற முடியுமா என்று நாளைக் காலையிலேயே மனிதவளப் பிரிவில் கேட்கிறேன்.